இதற்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளாதே

தம்பி,

இந்தக் கடிதம் உன் அம்மா கட்டும் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், ஹேவ்லாக் தீவுக்கு வரும் போட்டில் உன்னிடம் வந்து சேரும். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வாரத்தில் மூன்று தடவை கூப்பிட்டேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் மழை, கண் மருந்து, குழாயில் தண்ணீர் வராதது என்று எதையாவது பேசிவிட்டு வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேசிக்கொண்டே இருக்கும் வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். தாளில் அது அவ்வளவு சுலபமாக வராது, அதனால் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசி வரி வரை படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும், கசப்பான எதையும் நீ பாதியிலேயே மன்னித்துவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ டெலானிபூர் வீட்டுக்கு வந்தபோது சட்டையைத் துவைக்கப் போட்டாய். அதன் பையில் இருந்த தாளை அம்மா வாளியில் முக்கி எடுத்த பிறகுதான் கவனித்தாள். அதைப் பிரித்து, ஒரு துணியை மேலே போட்டு, அரிசி மாவில் பூரானைப் பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியால் ஒத்தி எடுத்தாள். மை கொஞ்சம் பரவிவிட்டது. ஆனாலும் படிக்க வேண்டியதைப் படிக்க முடிந்தது. மெயின்லேண்டில் ஒரு விலங்கு மருத்துவமனை. அங்கேயே தங்கி வேலை கற்றுக்கொண்டு படிக்கும் இரண்டு வருடப் பயிற்சி. உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. நீ விண்ணப்பித்ததே எங்களுக்குத் தெரியாது. அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நான் பக்கத்து அறையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். காது மூடவில்லை.

"என்னய்யா இது?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா போட்டுப் பார்த்தேன்."

"சும்மா போட்டதுக்கா வந்து சேருன்னு எழுதியிருக்கான்?"

"அப்பாவுக்குக் கண்ணு இப்படி இருக்கறப்ப எப்படிம்மா போறது? நீ ஒத்த ஆளா என்ன பண்ணுவ? விடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். இங்க வேலைக்கு என்ன குறைச்சல்?"

"எதைத்தான்டா நீ அட்ஜஸ்ட் பண்ண மாட்ட?"

"உன் கொழம்ப. உப்பு தூக்கலா இருந்தா மட்டும் முடியாது."

நீ சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் என்ன தோன்றியது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதத் தைரியம் இல்லை.

அந்த வார்த்தையைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். தபால் வழியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவன் நான். அந்தப் படிப்பு எனக்கு ஒரு உத்தியோக உயர்வையும் வாங்கித் தரவில்லை. தடித்த அகராதி ஒன்று மட்டும் அலமாரியில் இருக்கிறது, நீ சின்ன வயதில் மேல் தட்டு எட்டுவதற்கு அதன் மேல் ஏறி நிற்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அட்ஜஸ்ட் என்ற சொல்லைத் தேடினேன். புதிய நிலைமைக்கு ஏற்ப ஒருவர் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்வது என்று போட்டிருந்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் போனால் கண் பழகிக்கொள்வது மாதிரி. படித்தபோது நல்ல வார்த்தையாகத்தான் தெரிந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. மாறுகிறவர் தானாக மாறுகிறார், தனக்காக மாறுகிறார்.

என் கவுண்டரில் அந்த அர்த்தத்தில் ஒருவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தத் தீவில் வங்காளி வீட்டில் வங்காளம், தெலுங்கர் வீட்டில் தெலுங்கு, நம் வீட்டில் தமிழ். வாசற்படி தாண்டினால் எல்லாருக்கும் நம் ஊர் இந்தி. எந்த மொழிக்காரர் வந்தாலும் இந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. "சார், ரெண்டு பங்க் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க" என்றால், கப்பலில் வேறு யாருடைய படுக்கையையாவது எடுத்துக் கொடுங்கள் என்று பொருள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று நான் பதிலுக்குச் சொன்னால், உங்களுக்கு இடம் கிடையாது, சத்தம் போடாமல் போங்கள் என்று பொருள். பலமுள்ளவன் கேட்டால் அது வேண்டுகோள் மாதிரி இருக்கும், பலமில்லாதவன் காதில் உத்தரவாக விழும். நம் ஊர்ச் சூரியனையே எடுத்துக்கொள். மெயின்லேண்டு கடிகாரத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு காலை ஐந்து மணிக்கே வந்து நிற்கிறது, சாயங்காலம் ஐந்தரைக்கு ஆள் இல்லை. அதையே யாரும் கேட்பதில்லை.

உன் மாமாவை நினைத்துப் பார். என் மனதிலிருக்கும் பகைகளில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு என்று உனக்குத் தெரியும். தீவில் வேலை பார்க்கிறவன் வீடு என்றால் மெயின்லேண்டு உறவுக்கெல்லாம் அது லாட்ஜ். நீ பத்தாவது படித்த வருடம், அரையாண்டுத் தேர்வு நேரத்தில், உன் மாமா குடும்பமும் அவர் சகலை குடும்பமும் சேர்ந்து பதினொரு பேர் மதுரையிலிருந்து வந்து இறங்கினார்கள். நம்முடையது இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். நீலப் பீப்பாய் இரண்டு.

"ரெண்டு நாள்தான் மாப்ளே. ஹேவ்லாக்கப் பாத்துட்டு ஓடிருவோம். அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்கள்ல?" என்றார் உன் மாமா.

"அதுக்கென்ன மச்சான், உங்க வீடு மாதிரி" என்றேன் நான்.

"எங்க வீட்ல தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும் மாப்ளே!" என்று அவர் சிரித்தார். அம்மா உள்ளே பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

இரண்டு நாள் ஒன்பது நாளானது. உன் படிப்பு மேசையை மடித்து வராந்தாவில் சாய்த்துவிட்டு, நீ அடுப்படியில், அரிசி டின்னுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்குப் பாடம் படித்தாய். மூன்றாம் நாள் நீ என்னிடம் வந்து, "அப்பா, மேசைய மட்டும் திருப்பிப் போட்டுக்கலாமா?" என்று கேட்டாய். நான், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா, விருந்தாளிங்க" என்றேன். விருந்தாளிகள் முன்னால் நல்ல மனிதன் என்று பெயர் வாங்கினேன். அதற்கு நான் கொடுத்தது உன் மேசை. என்னுடைய நாற்காலியை நான் கொடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், திரும்ப வரும்.

அதே வருடத்தில்தான் டாலிகஞ்சில் உன் நண்பன் வீட்டு ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தது. நீ இரவல் சைக்கிளில் பறந்தாய். கால்நடை ஆஸ்பத்திரி ஊழியர் வந்தபோது, சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு நீ அவர் சொல்லச் சொல்ல உள்ளே கை விட்டுக் குட்டியின் தலையைத் திருப்பினாயாம். இரண்டு குட்டி, இரண்டும் பிழைத்தன. அந்த ஊழியர் பிறகு என் கவுண்டருக்கு டிக்கெட் வாங்க வந்தபோது சொன்னார், "அண்ணா, உங்க பையன் கை நல்ல கை. ஆடு அவன் மேல சாஞ்சுருச்சு. அது எல்லார் மேலயும் சாயாது." அன்றைக்கு அலுவலகத்தில் நான் யாரிடமும் எரிந்து விழவில்லை. உன்னிடம் இதைச் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாராட்டை உள்ளே வைத்துக்கொள்வதும் வசவை உடனே கொடுத்துவிடுவதும் என் வழக்கமாக இருந்தது.

பன்னிரண்டாவது முடித்தாய். தீவுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கும் இடங்களில் கால்நடை மருத்துவத்துக்கு அந்த வருடம் ஒன்றே ஒன்று இருந்தது. பட்டியலில் உன் பெயர் முதலில். அசல் சான்றிதழ்களோடு வெள்ளிக்கிழமை மாலைக்குள் சென்னையில் நேரில் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை சென்னைக் கப்பல், செவ்வாய் போய்ச் சேரும். உனக்குப் பங்க் கிளாசில் இருநூற்றுப் பதினான்காம் எண்ணை நானே என் கையால் பதிவு செய்தேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். பிறகு நடந்ததாக நான் உன்னிடம் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். மேலிடத்து ஒதுக்கீட்டில் உன் பங்க் போய்விட்டது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, திங்கட்கிழமை விசாகப்பட்டினம் போகும் வைசாக் கப்பலில் போய் அங்கிருந்து ரயில் பிடிக்கலாம் என்று சொன்னேன்.

அது பொய், தம்பி.

நடந்தது இது. கப்பலுக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் பிரிவின் அதிகாரி என் மேசைக்கு வந்தார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலில் வந்தவர். அவர் மனைவியின் தங்கை குடும்பம் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது, நான்கு பேருக்கு மூன்று பங்க்தான் கிடைத்திருக்கிறது, இன்னும் ஒன்று வேண்டும் என்றார். கணினித் திரையில் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து, உன் பெயரில் நிறுத்தினார்.

"யே கோன் ஹை?" யார் இது என்று கேட்டார்.

"மேரா பேட்டா, சார்." என் மகன் என்றேன்.

"அரே, அப்னா ஹீ பச்சா ஹை!" நம் வீட்டுப் பையன்தானே என்று என் தோளைத் தட்டினார். திங்கட்கிழமை வைசாக் கப்பல் இருக்கிறதே, அதில் அனுப்பலாமே என்றார். "தோடா அட்ஜஸ்ட் கர் லோ." கொஞ்சம் பண்ணிக்கொள் என்று.

அதன் பிறகு அவர் கேட்டதைத்தான் ஒன்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. "கோயி திக்கத் தோ நஹீ?" என்று கேட்டார். ஒன்றும் சிரமம் இல்லையே என்று. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சிரமம்தான் சார், பையனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சென்னையில் சேர்க்கை என்று நான் சொல்லியிருந்தால் அவர் விரல் அடுத்த பெயருக்கு நகர்ந்திருக்கும். கெட்ட மனிதர் இல்லை அவர். நான், "நஹீ சார், ஹோ ஜாயேகா" என்றேன், ஆகிவிடும் என்று. உன் பெயரை அழித்துவிட்டு அவர் சொன்ன பெயரைத் தட்டினேன். அந்த வருடம் என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. அது ஒரு காரணம். ஆனால் அது இல்லாவிட்டாலும் நான் அதையே சொல்லியிருப்பேனோ என்றுதான் எனக்குப் பயம். அவர் சந்தோஷமாகத் திரும்பிப் போனபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மேலே இருப்பவரை முகம் சுளிக்க வைக்காமல் அனுப்பிவிட்டோம் என்கிற நிம்மதி. அந்த நிம்மதிக்கு நான் அடிமை.

சனிக்கிழமை கப்பல் போனது. சாயங்காலம், ஏறியவர்களின் பட்டியல் துறைமுகத்திலிருந்து என் மேசைக்கு வந்தது. ஏறியவர் பெயருக்கு எதிரே ஒரு டிக் இருக்கும். இருநூற்றுப் பதினான்குக்கு எதிரே டிக் இல்லை. அந்த நான்காவது ஆள் கடைசி நேரத்தில் விமானத்தில் போய்விட்டாராம். உன் பங்க் சென்னை வரை காலியாகப் போனது.

அந்தத் தாளை நான் வீட்டுக்கு எடுத்து வந்து உன் அம்மாவிடம் காட்டினேன், பங்க்கைக் கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. ஒருவேளை, யாராவது என்னைத் திட்ட வேண்டும் என்று இருந்திருக்கலாம். நீ வெளியே நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாய். அவள் உன் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"திங்கக்கிழமை கப்பல் போகலன்னா?"

"ஏன் போகாது? அட்டவணை என் விரல் நுனியில இருக்கு."

"நீங்கதான வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவீங்க, கப்பல் கிளம்பினாத்தான் கிளம்பினதுன்னு?" துணியைக் கீழே வைத்தாள். "இத நீங்கதான் அவன்கிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். சொல்லாம மட்டும் செத்துப் போயிறாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காற்று ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஹாடோ துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறியிருந்தது. நீ புதுப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாய், சான்றிதழ் உறையை மழைக்குச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. மூன்று மணி நேரம் கழித்து, மறு அறிவிப்பு வரும் வரை கப்பல் புறப்படாது என்றார்கள். ஏர்போர்ட்டுக்கு ஓடினோம். அங்கே அதே மழை, இரண்டு நாள் எந்த விமானமும் இறங்கவில்லை. புதன்கிழமையிலிருந்து ஒன்றிரண்டு இறங்கின, அவற்றில் ஏற நின்ற கூட்டத்தில் உன் முறை வெள்ளிக்கிழமை மாலை வரை வரவில்லை. இந்தத் தீவில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முதலில் கிளம்பும் கப்பலைப் பிடி, அடுத்ததை நம்பாதே என்று. கப்பல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் அடுத்ததை நம்பினேன். திங்கட்கிழமை மழையில் நீ என்னைப் பார்த்து, "பரவாயில்லப்பா. நீங்க என்ன பண்ணுவீங்க? அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொன்னாய். உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை நீ எனக்கே ஒப்பித்தாய்.

பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதிகாரி மாற்றலாகி மெயின்லேண்டு போய்விட்டார். ஒன்பது வருடம் அவரை நான் வெறுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வெறுத்தேன், கோயிலில் வெறுத்தேன். அவருக்குப் பின்னால் வந்தவர்களையும் வெறுத்தேன். உன் இடம் யாருக்குப் போனதோ, அந்த ரங்கத் ஊர்ப் பெண் படித்து முடித்து, போன வருடம் என் கவுண்டருக்கே வந்து நின்றாள். "அங்கிள், லோயர் பங்க் கிடைக்குமா?" என்று கேட்டாள். படிவத்தில் வேலை என்ற இடத்தில் கால்நடை மருத்துவர் என்று எழுதியிருந்தது. கீழ் பங்க் காலியாக இருந்தும், இல்லை என்று சொல்லி மேல் பங்க் கொடுத்தேன். இவ்வளவு சிறிய மனிதனாக நான் ஆகிவிட்டேன் என்பதையும் நீ தெரிந்துகொள். அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "பரவாயில்ல அங்கிள், அட்ஜஸ்ட் கர் லூங்கி."

நீ உள்ளூர்க் கல்லூரியில் ஏதோ ஒரு பட்டம் படித்து, ஹேவ்லாக் ரிசார்ட்டில் வரவேற்பு மேசைக்குப் போனாய். இரண்டு வருடத்துக்கு முன் நானும் அம்மாவும் உன்னைப் பார்க்க வந்தோமே, அன்று ஒரு ஆள் இன்டர்நெட் வரவில்லை என்று உன்னைச் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகத் திட்டினான். நீ சிரித்துக்கொண்டே, "சாரி சார், ஐலண்ட் ஹை, தோடா அட்ஜஸ்ட் கீஜியே" என்றாய். அந்தச் சிரிப்பை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கண்ணுக்கு எட்டாமல் உதட்டில் மட்டும் வரும் சிரிப்பு. அது என் கவுண்டர் சிரிப்பு. திரும்பும் போட்டில் அம்மா என் பக்கம் உட்காரவில்லை, வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். நீ ரிசார்ட்டுக்குப் பின்னால் மூன்று கால் நாய்க்குக் கட்டுப் போட்டு வளர்ப்பதை அவள்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

இப்போது, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, "விடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று நீ சொன்னது காதில் விழுந்ததும், எனக்கு நிம்மதி வந்தது. அதே பழைய நிம்மதி, வெள்ளிக்கிழமை மூன்று மணி நிம்மதி. பையன் இங்கேயே இருப்பான், படி இறங்கும்போது கை பிடிப்பான், சொட்டு மருந்து தீர்ந்தால் வாங்கி வருவான் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. கண்ணைத் திறந்ததும் பயந்துபோனேன். அன்று உன் பங்க்கைக் கேட்டது ஒரு அதிகாரி. இன்று கேட்பது என் கண். அன்றும் இன்றும் கொடுக்கச் சம்மதித்துப் படுத்திருந்தவன் நான். ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. நீ போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நேரம் பயம் வருகிறது, போகாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு நேரம் வருகிறது. இரண்டாவது பயம்தான் பெரியது என்று நேற்று விடியும்போது தெரிந்தது.

விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கப்பலில் வயதான அம்மா யாராவது மேல் பங்க்கில் ஏற முடியாமல் நின்றால் உன் கீழ் பங்க்கைக் கொடு. உன்னுடையதை நீ தெரிந்து கொடு. கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, இதில் என்ன போகிறது, யாருடையது போகிறது என்று மட்டும் பார். நான் வாழ்நாள் முழுக்க அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தப் பெருமையில் எல்லார் மேலும் கசந்துகொண்டிருந்தேன். என்னுடையது எதையும் நான் கொடுக்கவே இல்லை. உன் மேசையைக் கொடுத்தேன், உன் பங்க்கைக் கொடுத்தேன், பதினொரு பேருக்குச் சமைத்த உன் அம்மாவின் முதுகைக் கொடுத்தேன். அகராதியில் இதற்கு வேறு வார்த்தை இருக்கும். தேட எனக்குத் துணிவில்லை.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதச் சொன்னாள். கண்ணுக்கு மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். "இருபத்தெட்டு வருசம் இவரக் கண்ணு தெரியாமத்தான் கூட்டிக்கிட்டுத் திரியுறேன், இனிமே என்ன புதுசா?" என்கிறாள். நான் எழுதுவது முழுவதும் இப்போது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, கோடு சாயும் இடத்தில் தாளை நேராக வைத்துக் கொடுக்கிறாள்.

உறைக்குள் ஒரு டிக்கெட் இருக்கிறது. வரும் பத்தாம் தேதி சென்னைக் கப்பல். நேற்று நான் விடுப்புப் போட்டுவிட்டு, உன் தீவு அடையாள அட்டை நகலோடு, பொதுமக்கள் வரிசையில் போய் நின்றேன். பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் பெண் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "ஐயோ அண்ணா, நீங்க ஏன் லைன்ல? பின்வாசல் வழியா உள்ள வாங்க, அட்ஜஸ்ட் பண்ணிடலாம்!" வேண்டாம்மா என்றேன். எனக்கு முன்னால் நின்ற மாயாபந்தர்க்காரர், "ஸ்டாஃபே லைன்ல நின்னா எங்களுக்கு டிக்கெட் கிடைச்ச மாதிரிதான்" என்று இந்தியில் கிண்டல் செய்தார். இரண்டரை மணி நேரம். கால் வலித்தது. இவ்வளவு நேரம் நின்றால் பங்க் என்பது என்ன என்று தெரிகிறது. எண் முந்நூற்று ஒன்று, கீழ் பங்க். இந்தக் கப்பல்தான், அடுத்தது இருக்கிறது என்று நினைக்காதே. சான்றிதழ்களை இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வை. முதல் நாள் வயிறு புரட்டும், அம்மா ஊறுகாய் வைத்திருக்கிறாள்.

போவதும் போகாததும் நீ முடிவு செய்ய வேண்டியது. நான் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு. போனில் திட்டு, அல்லது அடுத்த போட்டில் வந்து வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி திட்டு. ஆறு மாதம் பேசாமல் இரு, எனக்கு நியாயம்தான். ஆனால் "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொல்லாதே. நான் உனக்குச் செய்தது பரவாயில்லாத காரியம் இல்லை. எதற்கு வேண்டுமானாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள், இதற்கு மட்டும் பண்ணிக்கொள்ளாதே.

பத்தாம் தேதி ஹாடோவுக்கு நான் வரமாட்டேன். வந்தால் நீ என் முகத்தைப் பார்த்துத் தயங்குவாய். அலுவலகத்திலேயே இருப்பேன். கப்பல் போன பிறகு, சாயங்காலம், ஏறியவர்களின் பட்டியல் என் மேசைக்கு வரும். முந்நூற்று ஒன்றுக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று பார்ப்பேன். கண் சரியாகப் பிடிபடாவிட்டால் பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கூப்பிட்டு, சத்தமாக வாசிக்கச் சொல்வேன்.

அப்பா